வெந்நீருக்கு வாய்தா

கோர்ட்டுப் படி ஏறாமலே காலத்தை ஓட்டிவிட வேண்டும் என்பது மருந்துக்கடைக்காரரின் வாழ்நாள் கொள்கை. வழக்கில் ஜெயித்தவன் தோற்றான், தோற்றவன் செத்தான் என்று அவர் கடைக்கு இருமல் மருந்து வாங்க வருகிற வக்கீல் குமாஸ்தாவே சொல்லியிருக்கிறார். அப்படிப்பட்டவர் ஒரு சனிக்கிழமை மத்தியானம், புதுச் சட்டையும் சக்கரம் வைத்த பெட்டியுமாக, மனைவியோடு கோர்ட்டுப் படி ஏறினார்.

கோர்ட்டு இப்போது கோர்ட்டு இல்லை. நீதிபதிகளெல்லாம் ஊருக்கு வெளியே கண்ணாடிக் கட்டடத்துக்குக் குடிபோன பிறகு, அந்தப் பழைய செங்கல் மாளிகை கொஞ்ச காலம் புறாக்களின் அதிகார வரம்பில் இருந்தது. பிறகு ஒரு ஓட்டல் கம்பெனி அதை வாங்கி, புறாக்களைக் காலி செய்துவிட்டு, அவை விட்டுப்போனதையும் சுரண்டி எடுத்துவிட்டு, நட்சத்திர விடுதியாக்கியது. 'நீதி தூங்கிய இடத்தில் நீங்களும் தூங்குங்கள்' என்று விளம்பரம் போட்டது. அதை எழுதியவர் தெரிந்துதான் எழுதினாரா என்று யாரும் விசாரிக்கவில்லை.

இரண்டு நாள் தங்குவதற்கு ஏற்பாடு செய்தது மகள். காரணம், அம்மா அப்பாவோடு பேசுவதில்லை.

அம்மா ஆரம்பப் பள்ளி ஆசிரியை. தெருவுக்கே அவர் டீச்சர்தான். வகுப்பில் அவர் கதை சொன்னால், மூக்கு ஒழுகுவதைத் துடைக்கக்கூட மறந்து பிள்ளைகள் கேட்கும். வீட்டில் இருப்பது ஒரே ஒருவர். அவர் கேட்கமாட்டார், திருத்துவார். தொழில் பழக்கம் அப்படி. டாக்டர் கிறுக்கியதில் முதல் இரண்டு எழுத்தைப் பார்த்தே மாத்திரையை எடுத்து வைக்கிற கை அவருடையது. மனைவி சொல்கிற முதல் இரண்டு வார்த்தையைக் கேட்டே மீதியைச் சொல்லி முடிக்கிற வாயும் அவருடையதாகவே அமைந்துவிட்டது.

போன மாதம் சம்பந்தி வீட்டில், ரயிலில் குரங்கு மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கின கதையை டீச்சர் ஆரம்பித்தார். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன் என்றார். நடு சீட்டு என்றார் இவர். சாயங்காலம் இருக்கும் என்றார். மத்தியானம் என்றார் இவர். பிறகு குரங்கை இவரே கையிலெடுத்துக்கொண்டார். குரங்கு எப்படி முழித்தது, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எப்படிப் பேப்பர் படிப்பதுபோல் உட்கார்ந்தது என்று நடித்தே காட்டினார். சம்பந்திக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. டீச்சர் எழுந்து போய் அந்த வீட்டு காபி டம்ளர்களையெல்லாம் கழுவி வைத்தார்.

அன்றிலிருந்து வீட்டில் டீச்சர் பேசுவதெல்லாம் தட்டுமுட்டுச் சாமான்களோடுதான். "சாப்பாடு ரெடி" என்று குக்கரிடம் சொல்வார். "மின்சார பில் கட்டணும்" என்று ஃபிரிட்ஜிடம் சொல்வார். மருந்துக்கடைக்காரர் பக்கத்தில் நின்று, ஃபிரிட்ஜின் சார்பாகத் தலையாட்டுவார். இதுகூடப் பரவாயில்லை. போன வாரம் டீச்சர் பீரோவிடம் சொன்னது வேறு: "லீவு விட்டதும் தங்கச்சி வீட்டுக்குப் போறேன். திரும்பி வர்றத அங்க போய் யோசிக்கிறேன்."

லீவு திங்கட்கிழமை விடுகிறது.

மகள் போன் செய்து, அப்பா, ரெண்டு நாள் அங்கே இருங்க, அம்மா பேச ஆரம்பிச்சா நடுவுல போகாம கேளுங்க, ஒரு மனுஷனால முடியாத காரியமா இது என்று கேட்டாள். முடியும் என்றார் மருந்துக்கடைக்காரர், அவள் கேள்வியை முடிப்பதற்கு முன்பே.

படியேறியதும் வரவேற்பறை என்று எதுவும் இல்லை. வராந்தா இருந்தது. அதில் பழைய மர பெஞ்சுகள் இருந்தன. மார்புக்குக் குறுக்கே சிவப்புப் பட்டையும் அதில் தேங்காய் மூடி அளவுக்குப் பித்தளை வில்லையும் மாட்டிய டவாலி ஒருவர், உட்காரச் சொன்னார். எவ்வளவு நேரம் என்று கேட்டதற்கு, கூப்பிடும்போது கூப்பிடுவோம் என்றார். அவருடைய குரலில் மரியாதை இருந்தது, தகவல் இல்லை.

பெஞ்சில் ஏற்கெனவே ஒரு தொப்பிக்காரர் மனைவியோடு உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்து காத்திருப்பதாக, பிள்ளைக்கு உத்தியோகம் கிடைத்த செய்தியைச் சொல்கிற முகத்தோடு சொன்னார். அறையில் ஏதாவது கோளாறா என்று மருந்துக்கடைக்காரர் விசாரித்தார்.

"கோளாறா? இதுக்குத்தாங்க காசு. வராந்தா அனுபவம்னு தனி பேக்கேஜ். போன தடவை வந்தப்ப எங்களுக்கு ரூமே கிடைக்கல. என்னா அருமையா இருந்துச்சு தெரியுமா?"

எதிர்ச் சுவரில் பெரிய கறுப்பு வெள்ளைப் புகைப்படம் ஒன்று மாட்டியிருந்தது. இதே பெஞ்சுகளில் அந்தக் காலத்து ஜனங்கள் காத்திருக்கிற படம். கீழே 'பொறுமையின் அழகு' என்று எழுதி, மேலே குட்டி விளக்குப் போட்டிருந்தார்கள். படத்தில் ஒரு பெண்பிள்ளை தூங்கிப்போன குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காலில் இருந்த செருப்பு இரண்டும் வேறு வேறு ஜோடி. டீச்சர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "அவசரத்துல மாட்டிக்கிட்டு வந்திருக்கு" என்று பெட்டியிடம் சொன்னார். மருந்துக்கடைக்காரருக்கு, அவசரம் இல்லை, ஒன்று அறுந்துபோயிருக்கும் என்று தோன்றியது. தோன்றியதைச் சொல்லியும் விட்டார். டீச்சர் பெட்டியைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார்.

ஒருவழியாக டவாலி வாசலில் நின்று மூன்று முறை கூவினார். மூன்றாவது கூவலுக்குள் ஆஜர் சொல்லாவிட்டால் அறை ஒருதலைப்பட்சமாக வேறு யாருக்காவது போய்விடுமாம். மருந்துக்கடைக்காரர் முதல் கூவல் முடியும் முன்பே ஆஜர் சொல்லிவிட்டார். அதற்காக டவாலி மறுபடி முதலிலிருந்து கூவ வேண்டியதாயிற்று.

அவர்களுக்குக் கிடைத்தது மாடியில், முன்னாள் குடும்ப நல நீதிமன்றம். உயரமான கூரை, தேக்குக் கதவு, மெத்தை எல்லாம் குறைசொல்ல முடியாதவை. ஒரே ஒரு விஷயம்: கட்டிலின் நடுவே, தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை, இடுப்புயரத்துக்கு ஒரு மரத் தடுப்பு ஓடியது. அந்தக் காலத்தில் மனுதாரரையும் எதிர்மனுதாரரையும் பிரித்து நிறுத்திய கிராதி. பாரம்பரியச் சின்னம் என்பதால் அதில் ஒரு ஆணியைக்கூட அசைக்கக் கூடாதென்று உத்தரவாம். எனவே கட்டிலை இரண்டாக அறுத்து, அந்தப் பக்கம் பாதியும் இந்தப் பக்கம் பாதியுமாகப் போட்டிருந்தார்கள். நடுவில் ஆள் நுழைகிற அளவுக்கு ஒரு குட்டிக் கதவு இருந்தது. அதில் பூட்டும் இருந்தது. சாவி ஓட்டலிடம் இருந்தது. புதுசாகக் கல்யாணமானவர்களுக்கு இந்த அறையைத்தான் கொடுப்போம் என்று பெட்டி தூக்கி வந்தவர் பெருமையாகச் சொன்னார்.

டீச்சர் மனுதாரர் பக்கம் போய் உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டார். அது அவருக்கு ரொம்பப் பழைய வலி. படியேறினால் கிளம்பும்; வெந்நீர் ஒற்றடம் கொடுத்தால் அடங்கும். மருந்துக்கடைக்காரர் ஓடிப்போய்க் குளியலறைக் குழாயைத் திருகினார். தண்ணீர் பனிக்கட்டியாக வந்தது. இதுதான் சந்தர்ப்பம் என்று அவருக்குப் பட்டது. வாயால் கெடுத்ததை வெந்நீரால் சரிக்கட்டிவிடலாம்.

கீழே போன் செய்தார். வெந்நீர் வேண்டுமென்றால் மனுப் போட வேண்டும் என்றார்கள். போட்டார். கொஞ்ச நேரத்தில் வெள்ளித்தட்டில் வைத்துப் பதில் வந்தது: மனு ஏற்கப்பட்டது, விசாரணை அடுத்த புதன்கிழமை.

நாங்கள் திங்கட்கிழமையே போய்விடுவோமே என்றார் மருந்துக்கடைக்காரர். அப்படியென்றால் அவசர மனு என்று ஒன்று இருக்கிறது, அதைப் போடலாம் என்றார் தட்டு கொண்டுவந்தவர். அதை எப்போது எடுப்பார்கள் என்று இவர் கேட்டார். வியாழக்கிழமை என்று அவர் சொன்னார். துண்டு இல்லை என்று சொன்னபோது மட்டும் உடனடியாகப் பலன் கிடைத்தது. கைக்குட்டையைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு இடைக்காலத் துண்டு வந்தது. இறுதித் துண்டு வரும்வரை இதைப் பயன்படுத்தலாம். ஆனால் இதனால் விருந்தினருக்கு நிரந்தர உரிமை எதுவும் ஏற்பட்டுவிடாது என்று அதன் ஓரத்தில் அழகாக எம்பிராய்டரி போட்டிருந்தார்கள்.

மருந்துக்கடைக்காரர் கோபமாகக் கீழே இறங்கிப் போனார். அங்கே அவரைப் பாரம்பரிய அதிகாரி என்ற பதவியில் இருந்த ஒரு இளம்பெண்ணிடம் அனுப்பினார்கள். கழுத்தில் வெள்ளைப் பட்டி, கண்ணில் வட்டக் கண்ணாடி. வெந்நீர் என்ற சொல்லைக் கேட்டதும் அவர் முகத்தில் ஒரு கனிவு படர்ந்தது. விவரம் தெரியாத பிள்ளைகளைப் பார்த்தால் வருகிற கனிவு.

"சார், இந்தக் கல்லு, மரமெல்லாம் எங்க வேணா வாங்கலாம். இந்தக் கட்டடத்தோட ஆன்மா என்னன்னு எங்க நிபுணர்கள் வருஷக்கணக்கா ஆராய்ச்சி பண்ணாங்க. தாமதம்னு கண்டுபிடிச்சாங்க. இங்க ஒருத்தர் நெலத் தகராறுக்கு வாலிபமா வந்து, தீர்ப்பு வாங்குறப்ப பேரன் கையப் புடிச்சுக்கிட்டுப் போயிருக்காரு. எவ்வளவு அழகான விஷயம் பாருங்க. அத நாங்க அப்படியே விருந்தினருக்குக் குடுக்கணும்னு ஆசைப்படுறோம். கொதிகலன் இருக்கு சார், எந்நேரமும் கொதிச்சுக்கிட்டுத்தான் இருக்கு. ஆனா கேட்டவுடனே வெந்நீர் குடுத்தா, நாங்க சாதாரண ஓட்டல் ஆயிடுவோம் இல்லையா?"

அந்தப் பேரனுக்கு நிலம் கிடைத்ததா என்று மருந்துக்கடைக்காரர் கேட்டார். அது அப்பீலில் இருப்பதாக அதிகாரி சொன்னார். பிறகு இரக்கப்பட்டு ஒரு வழியும் சொன்னார். சனிக்கிழமை சாயங்காலம் பழைய பெரிய கோர்ட்டு ஹாலில் சூப்போடு சேர்த்து ஒரு சிறப்பு அமர்வு நடக்கும். பொது மேலாளரே கறுப்பு அங்கி போட்டுக்கொண்டு மனுக்களை விசாரிப்பார். அதில் சேர்த்துவிடுகிறேன் என்றார்.

"ஒண்ணே ஒண்ணு சார். சாட்சி கூண்டுல பேசுறப்ப மனுதாரர் வாயத் தொறக்கக் கூடாது. தொறந்தா மனு தள்ளுபடி. உங்களால முடியுமில்ல?"

இந்த முறை அதிகாரி கேள்வியை முடிக்கும்வரை மருந்துக்கடைக்காரர் காத்திருந்தார். முடித்த பிறகு, பார்க்கலாம் என்றார்.

சாயங்காலம் ஹாலில் சாப்பாட்டு மேஜைகள் வரிசையாக இருந்தன. மேலாளர் உயரமான பீடத்தில் உட்கார்ந்து, மரச் சுத்தியலால் வெண்ணெய்க் கிண்ணத்துக்குப் பக்கத்தில் தட்டிக்கொண்டிருந்தார். முதலில் ஒரு ஆம்லெட் வழக்கு வந்தது. ஆம்லெட் ஆறிப்போயிருந்தது உண்மைதான் என்றும், ஆனால் ஓட்டல்தான் அதை ஆறவைத்தது என்பது சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்படவில்லை என்றும் தீர்ப்பாயிற்று. தோற்றவர் எழுந்து நின்று கைதட்டினார். அடுத்து, சூப்பில் உப்பில்லை என்று தொப்பிக்காரர் போட்ட மனு மேல் பெஞ்சுக்கு, அதாவது மாடிச் சமையலறைக்கு, அனுப்பப்பட்டது. அவர் ஆனந்தத்தில் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

பிறகு டவாலி வெந்நீர் வழக்கைக் கூவினார். சாட்சி யார் என்று கேட்டார்கள். முழங்கால் யாருடையதோ அவர்தான் சாட்சி. டீச்சர் மெதுவாக எழுந்து, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு கூண்டில் ஏறினார்.

உங்களுக்கு வெந்நீர் எதற்கு, சுருக்கமாகச் சொல்லுங்கள் என்றார் மேலாளர்.

டீச்சர் ஹாலை ஒரு சுற்றுப் பார்த்தார். மேஜைகளில் இருந்தவர்கள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவரையே பார்த்தார்கள். வகுப்பறையில் நிற்பதுபோல் அவருடைய முதுகு நிமிர்ந்தது.

"இவரு மருந்துக்கடை தொறந்த அன்னிக்கு வந்த வலிங்க இது. அன்னிக்கு மழை கொட்டோ கொட்டுன்னு கொட்டுது."

மழை இல்லை. தூறல். மருந்துக்கடைக்காரருக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சூப்பை ஒரு வாய் எடுத்து அதை உள்ளே தள்ளினார்.

"கடைக்குப் பச்சைப் பெயின்ட் அடிச்சு, அழகா வச்சிருந்தாரு."

நீலம். சத்தியமாக நீலம். டப்பாவை வாங்கி வந்ததே இவர்தான். ரொட்டி ஒன்றை முழுசாக வாயில் திணித்துக்கொண்டார். பக்கத்து மேஜைப் பெண்மணி கவலையோடு அவரைப் பார்த்தாள். இதற்குப் பிறகு என்ன வரும் என்று அவருக்குத் தெரியும். இது அவருடைய கதை; எத்தனையோ வீட்டில் சொல்லிச் சிரிக்கவைத்த கதை. முதல் நாளே ஊரே திரண்டு வந்தது, தலைவலி மாத்திரை அத்தனையும் தீர்ந்தது, ஊருக்கே ஒரே நாளில் தலைவலி வந்த அதிசயம். டீச்சர் அதை எங்கே கோட்டை விடப்போகிறாரோ என்று ரொட்டியோடு காத்திருந்தார்.

"காலையிலேருந்து ஒரு ஈ காக்கா வரல. இவரு கவுன்ட்டரத் தொடச்சுக்கிட்டே இருந்தாரு. தொடச்ச எடத்தையே திரும்பத் தொடச்சாரு. என்னால பாக்க முடியல. வீட்டுல வேலை இருக்குன்னு சொல்லிட்டுக் கெளம்பி, எங்க பள்ளிக்கூட டீச்சருங்க வீட்டுக்கெல்லாம் ஒண்ணொண்ணா போனேன். போய் ஒரு தலைவலி மாத்திரையாவது வாங்குங்கடி, நான் அனுப்பினேன்னு மட்டும் சொல்லிராதீங்கன்னு கெஞ்சினேன். கடைசியா ஹெட்மிஸ்ட்ரஸ் வீடு. எறங்கும்போது படி ஈரம். வழுக்கிருச்சு."

மருந்துக்கடைக்காரர் மென்றுகொண்டிருந்ததை நிறுத்திவிட்டார்.

"நொண்டிக்கிட்டே கடைக்கு வந்தா, ஒரே கூட்டம். எல்லாம் நான் அனுப்பினவங்களும் அவங்க வீட்டு ஆளுங்களும். இவரு முகத்தப் பாக்கணுமே. பாத்தியா, மொத நாளே ஊரே வந்துருச்சுன்னாரு. ஆமாங்கன்னேன். எங்க போய் விழுந்து வச்சேன்னு திட்டிட்டு, ஒரு தைலம் எடுத்துக் குடுத்தாரு."

இத்தனை வருஷமாக இதை ஏன் அவரிடம் சொல்லவில்லை என்று மேலாளர் கேட்டார். அந்த ஒரு நிமிஷம் அவர் தான் போட்டிருந்த அங்கியை மறந்துவிட்டார்.

"சொல்ல ஆரம்பிப்பேங்க. ரெண்டு வார்த்தைக்குள்ள மீதிய அவரே சொல்லி முடிச்சுருவாரு. அவரு சொல்ற கதை நல்லாத்தான் இருக்கும், எல்லாரும் சிரிப்பாங்க. அதுல நான் இருக்கமாட்டேன், அவ்வளவுதான்."

மேலாளர் கனைத்துக்கொண்டு மறுபடி நீதிபதியானார். கடைக்குக் கூட்டம் வந்தது பற்றிய பகுதி வெந்நீர் மனுவுக்குச் சம்பந்தமில்லாததால் பதிவிலிருந்து நீக்கப்படுகிறது என்றார். முழங்கால் வலி உண்மையென்று தெரிகிறது. எனினும் இது நெடுநாளைய வலி என்பதால், அவசரப்பட்டு முடிவெடுப்பது வலிக்கே அநீதி. வழக்கு புதன்கிழமைக்கு ஒத்திவைக்கப்படுகிறது. அதுவரை இடைக்கால நிவாரணமாக ஒரு கிண்ணம் வெந்நீர். மனுதாரர் ஏதாவது சொல்ல விரும்புகிறாரா? சாட்சி சொன்னதில் திருத்தம் உண்டா?

மருந்துக்கடைக்காரர் எழுந்தார். வாயில் மிச்சமிருந்த ரொட்டியை விழுங்க அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"இல்லைங்க. அன்னிக்கு நல்ல மழை. பெயின்ட்டும் பச்சைதான்" என்றார். அப்புறம் கூண்டின் பக்கம் திரும்பினார். "மீதி எனக்குத் தெரியாதுங்க. இன்னிக்குத்தான் கேக்குறேன்."

பாரம்பரிய அதிகாரி வட்டக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இப்படி ஒரு தாமதம் தங்கள் ஆராய்ச்சியில் வரவில்லையே என்று அவருக்கு வருத்தமாக இருந்திருக்கலாம்.

வெந்நீர் வெள்ளிக் கிண்ணத்தில், விளிம்புவரை நிரம்பி வந்தது. ஒரு பக்கத்து முழங்காலுக்குத்தான் காணும். யாரையும் தூக்கவிடாமல் மருந்துக்கடைக்காரரே அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நடந்தார். டீச்சர் அவருடைய முழங்கையைப் பிடித்துக்கொண்டு படியேறினார். பாதிப் படியில் மூச்சு வாங்க நின்றார்.

"ஏங்க" என்றார். பக்கத்தில் பெட்டி இல்லை, பீரோ இல்லை. அவரிடம்தான் சொன்னார். "தூறல்தான். பெயின்ட்டும் நீலந்தான். எல்லாம் எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. நீங்க எந்த எடத்துல உள்ள வர்றீங்கன்னு பாக்கத்தான் அப்படிச் சொன்னேன்."

மருந்துக்கடைக்காரர் வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். கிண்ணத்தில் வெந்நீர் தளும்பி அடங்கியது.

"இப்ப பேசலாம்" என்றார் டீச்சர். "நான் முடிச்சுட்டேன்."